நான்கு எண்களிலும் தட்டச்சுப் பிழை

விதி ஒன்பது இப்படிச் சொல்கிறது: "கணிப்பாளர் குழுவில் இடம்பெறுபவர் நபரே, அவர் பணிபுரியும் நிறுவனம் அல்ல. தந்த எண்ணை மாற்றும் உரிமை அந்த நபருக்கு மட்டுமே உண்டு. கடைசி நாள் மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்த உரிமை அவருக்கும் இல்லை. தட்டச்சுப் பிழை மட்டும் விலக்கு. அதையும் அவரே எழுத்தில் காட்ட வேண்டும்."

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆராய்ச்சி நிலையத்தின் கையேட்டில் இது இருக்கிறது. நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. அண்மையில் அவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். செய்திகளைப் படிக்க இனி மென்பொருள் வரப்போகிறதாம். அதை ஒட்டிக் கையேட்டைச் சுருக்குகிறார்களாம். பயன்பாட்டில் இல்லாத விதிகளை நீக்க உத்தேசமாம். நீக்கப்படும் பட்டியலில் ஒன்பதும் இருந்தது. ஆட்சேபம் இருந்தால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தெரிவிக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அனுப்பிவிட்டேன். அதில் அடங்காதது இங்கே.

முதலில் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். நிலையத்தில் இரண்டு பிரிவுகள். ஒரு பிரிவு, பொருளாதாரத்தைக் கணிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வரப்போகும் நான்கு காலாண்டுகளில் விலைவாசி எவ்வளவு ஏறும் என்று கேட்டுச் சராசரியை வெளியிடும். இன்னொரு பிரிவு, அதே பொருளாதாரத்தைப் பற்றிப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் என்ன தொனியில் பேசுகின்றன என்று தினமும் குறித்துவைக்கும். அதாவது, முதல் பிரிவு நிபுணர்களின் கருத்தைக் கேட்கும். இரண்டாவது பிரிவு, அந்த நிபுணர்கள் காலையில் காபியோடு எதைப் படித்துவிட்டு அந்தக் கருத்துக்கு வந்தார்கள் என்று பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்பு. அந்தப் பக்கத்து எண்ணை இந்தப் பக்கம் கேட்கக் கூடாது. டீ குடிக்க மட்டும் சேர்ந்து போகலாம்.

பம்பாயில் மாதுங்காவில் வளர்ந்து எம்.ஏ. முடித்த கையோடு தொனிப் பிரிவில் சேர்ந்தேன். ஒரே செய்தியை இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் படித்து, கூட்டல், கழித்தல், பூஜ்யம் என்று குறியிட வேண்டும். குறிகள் மாறுபட்டால் மூன்றாமவர் தீர்ப்பு. அந்த மூன்றாமவர் மோகாஷி சார். ஒரு நாள் வெங்காய விலை சரிந்ததாக ஒரு செய்தி. நான் கூட்டல் போட்டிருந்தேன். நாசிக் பக்கத்திலிருந்து வந்திருந்த இன்னொருவர் கழித்தல் போட்டிருந்தார். மோகாஷி சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"உன் வீட்டில் என்ன விளைகிறது?" என்று அவரைக் கேட்டார்.

"வெங்காயம், சார்."

"மேடம், உங்கள் வீட்டில்?"

"சாம்பார், சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இரண்டு பேரும் அவரவர் வீட்டைக் குறித்திருக்கிறீர்கள். நான் செய்தியைக் குறிக்கச் சொன்னேன். யாருக்கு நல்லது என்று நம்மைக் கேட்கவில்லை. எழுதியவன் எந்த முகத்தோடு எழுதியிருக்கிறான் என்று மட்டும் பாருங்கள்."

செய்தியைத் திரும்பப் படித்தோம். எழுதியவனுக்கு முகமே இல்லை. பூஜ்யம்.

அந்த மோகாஷி சாரிடம்தான் நான் வேலை கற்றேன். பின்னாளில் இயக்குநரான மோகாஷி சாரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மராட்டிக்காரர், எங்களோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுவார். எதையும் "செய்யுங்கள்" என்று சொல்ல மாட்டார், "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். யோசிக்க வேண்டிய விஷயம் வந்தால், "கோப்பில் இது எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பேச்சு முடிந்தது என்று காட்ட, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் குப்புற வைப்பார். அவர் இளநிலை ஆய்வாளராக இருந்த வரையில் கடிகாரம் கையிலேயே இருந்ததாக ஞாபகம். இயக்குநர் ஆன பிறகு அது பெரும்பாலும் மேஜையில்தான் இருந்தது.

சில வருடங்களில் என்னைத் தடுப்பின் மறுபக்கம், கணிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நான் கற்றது ஒரு பெட்டியைப் பற்றி. கணிப்பாளர் நான்கு எண்களைக் கொடுத்தபின், கீழே ஒரு சிறு பெட்டியில் ஒரு வரி எழுத வேண்டும்: இந்த எண்களுக்கு என்ன காரணம்? பாதிப் பேர் அதை அலட்சியமாக நிரப்புவார்கள். நான் அதைத்தான் முதலில் படிப்பேன். மழை, கச்சா எண்ணெய், ரூபாய் மதிப்பு என்றெல்லாம் இருக்கும். பத்திரிகைகளில் விலைவாசி முதல் பக்கத்துக்கு வந்த காலாண்டுகளில் மட்டும் வேறொரு சொற்றொடர் பெருகும்: "சந்தையின் எதிர்பார்ப்பு."

யார் அந்தச் சந்தை என்று தேடினால், அந்த வாரப் பத்திரிகையில் ஒரு செய்தி இருக்கும்: விலை ஏறும் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். யார் அந்த நிபுணர்கள் என்று தேடினால், எங்கள் குழுவில் இருக்கும் நாலைந்து பேர். அவர்கள் சொன்னது செய்தியாகும். செய்தியை மற்றவர்கள் படிப்பார்கள். படித்ததைக் காரணமாக எழுதி எங்களுக்கே அனுப்புவார்கள். அதை நாங்கள் சராசரி எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்போம். இத்தனைக்கும் நடுவில் மண்டிக்குப் போய் ஒருவரும் விலை கேட்டிருக்க மாட்டார்கள். செய்தியில் புதிய தகவல் இருந்ததா என்பதைவிட, அது எத்தனை முறை வந்தது என்பதுதான் அவர்களை அசைத்தது. ஒரு ஜூலை மாதப் பெருமழையில் எங்கள் பக்கம் இரண்டு நாள் பேப்பரும் வரவில்லை, மின்சாரமும் இல்லை. அந்த இரண்டு நாளில் எப்படியோ வந்து சேர்ந்த பதில்கள் முந்தைய காலாண்டிலிருந்து அசையவே இல்லை. மோகாஷி சாரிடம் சொன்னேன். "அரே மேடம், இதைக் கோப்பில் எழுதாதீர்கள். ஒவ்வொரு முறையும் மழைக்கு ஏற்பாடு செய்யச் சொல்வார்கள்" என்றார்.

இனி, நான் ஓய்வு பெற்ற ஆண்டில் நடந்தது.

குழுவில் செல்வராணி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். குர்லாவில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் பொருளாதார ஆய்வாளர். அப்பாவின் பை தைக்கும் பட்டறை மூடிய பிறகு வீட்டில் மாதச் சம்பளம் கொண்டுவருபவள் அவள் ஒருத்திதான். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், பெட்டியில் ஒழுங்காக எழுதும் மிகச் சிலரில் அவளும் ஒருத்தி என்பதுதான்.

அவளுடைய முதலாளி தொலைக்காட்சி முகம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு செய்திச் சேனலில் உட்கார்ந்து சந்தை பற்றிப் பேசுவார். அந்தக் காலாண்டில் திங்கட்கிழமை எங்கள் கேள்விகள் போயின. செவ்வாய் இரவு அந்தச் சேனல் திரை முழுக்க நெருப்பு எரிய விட்டு, விலைவாசி பற்றித் தினசரி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. நெருப்புக்கு நடுவில் அவர். "நிபுணர்கள் எல்லோரும் ஏறும் என்றுதான் சொல்கிறார்கள்" என்றார். அப்போது எங்களுக்கு வந்திருந்த பதில்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

புதன்கிழமை அந்தக் கை விரல்களும் தங்கள் எண்களை உயர்த்தின. ஆறு மணி விதிக்கு உட்பட்டதுதான், தடுக்க முடியாது. வியாழக்கிழமைப் பத்திரிகைகளில், நிபுணர்கள் கணிப்பை உயர்த்துவதாகத் தலைப்பு. கடைசி நாளான வெள்ளிக்கிழமை மற்ற எல்லோரும். பெட்டிகளில் சந்தையின் எதிர்பார்ப்பு வரிசையாக நின்றது. மாலை நான்கு மணிக்குச் செல்வராணியின் பதில் வந்தது. நான்கு எண்களும் மற்ற எல்லோருக்கும் கீழே, படிப்படியாக இறங்கின. பெட்டியில்: "மண்டி வரத்து நன்றாக இருக்கிறது. செய்திகளைப் பார்த்தேன். அவற்றில் புதிய தகவல் இல்லை."

எங்கள் கணினி உடனே அவளுக்கு ஒரு ரசீது அனுப்பும். அவள் கொடுத்த எண்களும் வரியும் அதில் அப்படியே இருக்கும். அது அவளுடைய அலுவலக முகவரிக்குப் போனது. அந்த அலுவலகத்தில் எல்லா மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் முதலாளிக்குப் போகும் என்பது எங்கள் கையேட்டை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

திங்கட்கிழமை காலை அந்த நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம். நான்கு எண்களிலும் தட்டச்சுப் பிழை நேர்ந்துவிட்டது, கீழ்க்கண்டவாறு திருத்திக்கொள்ளவும். திருத்திய எண்கள் முதலாளி தொலைக்காட்சியில் சொன்னதோடு பொருந்தின. கையெழுத்து அவருடையது.

கடிதத்தோடு மோகாஷி சாரின் அறைக்குப் போனேன்.

"விதி ஒன்பதின்படி இது செல்லாது, சார். அவள் எழுதவில்லை."

"எழுதுவாள். இன்று மாலைக்குள் அவளும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள் என்று அவர் போனில் சொன்னார்."

"உங்களுக்கே போன் செய்தாரா?"

"சனிக்கிழமை முடிவுகளைச் சொல்ல அந்தச் சேனலுக்கு நான் போகிறேன், மேடம். பக்கத்து நாற்காலியில் அவர் இருப்பார். அவருடைய கம்பெனி எண்ணே அவருக்கு எதிராக இருந்தால் நான் என்ன பதில் சொல்வது?"

"யார் எந்த எண் கொடுத்தார் என்று நாம் வெளியே சொல்வதில்லையே."

"அவருக்குத் தெரியுமே." கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "ஒரு எண் தப்பாக விழலாம் இல்லையா?"

"ஒரு எண் விழலாம். இது நான்கு. நான்கும் ஒன்றையொன்று அனுசரித்துத் தப்பாகியிருக்கின்றன. பெட்டியில் இருக்கும் வரியும் தட்டச்சுப் பிழையா, சார்?"

கடிகாரம் மேஜைக்கு வந்தது. "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அன்று மாலை குர்லாவில் ஹார்பர் ரயிலுக்கு மாறும்போது, மேம்பாலப் படியடியில் செல்வராணி நின்றிருந்தாள். பதில்களைச் சரிபார்க்க முன்பு போனில் பேசியதுண்டு, நான் அங்கே வண்டி மாறுவதையும் சொல்லியிருந்தேன்; கூப்பிட்ட குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள், நேரில் பார்த்ததும் ஆன்ட்டி என்றாள்.

"ஆன்ட்டி, ஒரு காயிதம் நீட்டுதாங்க. அவசரத்துல தப்பா அடிச்சிட்டேன்னு எழுதியிருக்கு. கீழ எனக்கு இடம் விட்டு வச்சிருக்காங்க."

"நீ தப்பா அடிச்சியா?"

"நாலையுமா? தப்பா அடிச்சா இவ்வளவு அழகா வரிசையா எறங்குமா?"

"அப்போ போடலையா?"

"நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காரு பாஸ். போடலேன்னா ராஜினாமா எழுதணுமாம். போட்டேன்னா, நாலு எண்ணையும் தப்பா அடிக்கிற பொண்ணுன்னு இந்த பம்பாய் பூரா தெரிஞ்சிரும். பொறவு எவன் எடுப்பான் என்னய?" கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. அவள் நகரவில்லை. "நீங்க சொல்லுங்க. போடவா, வேண்டாமா?"

"அதை நான் சொல்லப்படாது. உங்க யாரையும் எந்தப் பக்கமும் திருப்பப்படாதுன்னு எங்களுக்கு விதி."

"நல்ல விதி ஆன்ட்டி. டிவிக்காரன் சொல்லலாம். பேப்பர்காரன் சொல்லலாம். எங்க பாஸ் சொல்லலாம். நீங்க மட்டும் சொல்லக் கூடாது."

ஒரு பன்வேல் வண்டி வந்து போனது. நான் ஏறவில்லை.

"நான் என்னமோ பயப்படாம அடிச்சேன்னு நினைக்காதீங்க," என்றாள். "நானும்தான் அந்த நெருப்பப் பாத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு தடவ என் எண்ணை அழிச்சிட்டுப் பெரிசாப் போட்டேன். போட்டுட்டு, காரணம் எழுதுத பெட்டிக்கு வந்தா கை ஓடல. எல்லாரும் சொல்லுதாங்கன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. திரும்பப் பழசையே போட்டுட்டேன்."

"இதை எழுதிக் கொடுக்க முடியுமா?"

"எதை?"

"நீ என்ன அடிக்க நினைச்சியோ அதை. எந்த எண்ணா இருந்தாலும் சரி. உன் சொந்த மின்னஞ்சல்லேருந்து அனுப்பு. அதைக் கேக்க எனக்கு அதிகாரம் உண்டு. என்ன எழுதணும்னு சொல்லத்தான் அதிகாரம் இல்லை."

"வீட்டுல அம்மாட்ட இன்னும் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சயான் பக்கம் போகும் கூட்டத்தில் கலந்துவிட்டாள். கணிப்பாளரை வெளியில் சந்தித்தால் கோப்பில் குறிக்க வேண்டும் என்பதும் விதி. மறுநாள் குறித்தேன்: "நேரில், குர்லா ரயில் நிலையம்."

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு மின்னஞ்சல் வந்தது. ஒரே வரி: "நான் எதைத் தட்டச்சு செய்ய நினைத்தேனோ அதையே தட்டச்சு செய்தேன்." அன்று மதியம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

நிறுவனத்தின் கடிதத்தையும் அவளுடைய மின்னஞ்சலையும் சேர்த்து, விதி ஒன்பதை மேற்கோள் காட்டி ஒரு குறிப்பு வைத்தேன். அதை ஏற்றாலும் மறுத்தாலும் கையெழுத்து மோகாஷி சாருடையது. அவர் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தார்: ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்கலாம். ஆலோசனைக் குழு என்பது பல ஊர்களில் இருக்கும் ஆறு பேராசிரியர்கள். அவர்களை ஒரே நாளில் ஒரே விஷயத்தைப் பற்றி யோசிக்க வைப்பது சூரிய கிரகணம் போன்றது. அதுவரை அவளுடைய பதில் "பரிசீலனையில்" என்று வைக்கப்பட்டது. சராசரியில் சேர்க்கவில்லை. அடிக்குறிப்பு ஒன்றாவது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, மிகச் சிறிய எழுத்தில் வாங்கினேன். சனிக்கிழமை மோகாஷி சார் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, நிபுணர்கள் ஒருமித்த கருத்தில் இருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமைப் பத்திரிகைகள் அதைப் போட்டன.

யார் சொன்னது சரியாயிற்று என்று படிப்பவர்கள் கேட்பார்கள். விலை கொஞ்ச மாதம் ஏறியது, பிறகு இறங்கியது. இரண்டு பக்கத்துக்காரர்களும் தங்களுக்குப் பிடித்த மாதத்தைக் காட்டலாம். எண் சரியா என்பது எங்கள் கேள்வியே அல்ல. அது யாருடைய எண் என்பதுதான் கேள்வி.

மே மாதம் போயிற்று. ஆலோசனைக் குழுவுக்கு முதல் நினைவூட்டல் அனுப்பினேன். மழை தொடங்கியது. இரண்டாவது நினைவூட்டல். ஒரு பேராசிரியர் இணைப்பு திறக்கவில்லை என்று பதில் போட்டார். ஜூலையில் செல்வராணி போன் செய்தாள்.

"ஆன்ட்டி, முலுண்ட்ல ஒரு ரிசர்ச் கம்பெனி. ரெண்டு இன்டர்வியூ முடிஞ்சிருச்சு. பழைய பாஸ் கிட்ட விசாரிச்சிருக்காங்க. தட்டச்சுப் பிழைக் கதையச் சொல்லிட்டாரு. இப்ப உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர் கேக்காங்க. நான் குழுவுல இருக்கேன், என் எண்ணுல பிழை இல்லேன்னு."

"அவா எழுத்துல கேட்டிருக்காளா?"

"கேட்டிருக்காங்க. உங்க டைரக்டருக்கே போட்டிருக்காங்க. அவரு என்ன சொல்லுதாரு?"

அவர் சொன்னதை நான் அவளிடம் அப்படியே சொல்லவில்லை. பரிசீலனையில் இருக்கும் ஒன்றை உறுதிப்படுத்த இயலாது என்று சொல்லியிருந்தார். விதிப்படி அது தவறும் இல்லை. அதுதான் அவருடைய திறமை.

"ஆலோசனைக் குழுவோட பதில் வரணும்" என்றேன்.

"வருமா?"

"நான் இருக்கற வரைக்கும் நினைவூட்டிண்டே இருப்பேன்."

"எது வரைக்கும் இருப்பீங்க?"

"இந்த ஆகஸ்ட் முடியற வரைக்கும்."

மறுமுனையில் சிரித்தாள். "முலுண்ட்காரங்க அதுக்கும் முன்னாலயே முடிச்சுக்கிடுவாங்க. கணபதி லீவு வரைக்கும் பாப்பாங்களாம். பொறவு லிஸ்ட்ல அடுத்த ஆளு."

அந்த வருடம் சதுர்த்தி ஆகஸ்டின் கடைசி வாரத்தில் வந்தது. மூன்றாவது நினைவூட்டலை எல்லோருக்கும் பொதுவாக அனுப்பாமல், ஆறு பேருக்கும் தனித்தனியாக, ஆளுக்கு ஒரே கேள்வி வைத்து அனுப்பினேன்: குழுவில் இருப்பது நபரா, நிறுவனமா? ஆம், இல்லை என்ற அளவில் பதில் போதும். நாலு பேர் எழுதிவிட்டார்கள். ஐந்தாமவர் வெளிநாட்டில். ஆறாமவரான குழுத் தலைவர் பதிலே போடவில்லை. தலைவர் கையெழுத்தில்லாமல் மற்ற நாலும் வெறும் அபிப்பிராயம்.

அந்த வாரம் முழுக்க வேலையை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மதியம் மோகாஷி சார் என் மேஜைக்கே வந்து நின்றார்.

"வந்ததா?"

"இல்லை, சார்."

"நாளை லீவு."

"தெரியும், சார்."

போனவர் பாதி வழியில் நின்றார். "தலைவர் வீட்டு நம்பர் என்னிடம் இருக்கிறது" என்றார். நான் கேட்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் அவர் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் வெகு நேரம் போனில் நின்றபடியே பேசியதைப் பார்த்தேன். என்ன பேசினார் என்று இன்றுவரை கேட்டதில்லை.

நாலரை மணிக்குத் தலைவரின் பதில் வந்தது. "குழுவில் இருப்பவர் நபர். அவர் தந்த எண்களே நிற்கும். அவர் உறுப்பினராகத் தொடர்கிறார். கேட்பவர்களுக்கு இதை எழுத்தில் தெரிவிக்கலாம்." முலுண்டுக்கான கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன், ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை பார்த்தேன். மோகாஷி சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஐந்தே காலுக்கு அது போனது. ஆறு மணிக்கு முன்னால் செல்வராணி போன் செய்தாள். "ஆன்ட்டி, செவ்வாய்க்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க," என்றாள். பின்னணியில் யாரோ ஒரு பெண்மணி, "என்னட்டி ஆச்சு?" என்று கேட்பது கேட்டது.

பிறகு கோப்பை எடுத்து, தலைவரின் பதிலை உள்ளே வைத்து, வந்த தேதியைக் குறித்தேன்: வியாழக்கிழமை, பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள்.